படிக்கத் தெரியாதவர் வீட்டுப் பெட்டி

ஜார்ஜ் டவுன்
2 மார்ச் 2025

அன்பு மகள் குமுதாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது உன் அப்பா பக்கிரிசாமி. நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. நானேதான் எழுதுகிறேன். நேற்று ஆரம்பித்தேன். இன்று இரண்டாம் நாள். பென்சிலை மூன்று முறை சீவியாகிவிட்டது.

போன ஆகஸ்டு மாதம் முதல் சனிக்கிழமை தோறும் வகுப்புக்குப் போகிறேன். ரமணி டீச்சர் நடத்துகிறார். ஒன்பது பேர் படிக்கிறோம். நான்தான் மூத்தவன். எழுபத்தொன்று. நன்றாகத் தெரிந்த பிறகு உனக்குச் சொல்லலாம் என்று மறைத்து வைத்தேன். நீயோ ஜனவரியிலிருந்து போனையே அணைத்து வைத்திருக்கிறாய்.

இப்போது மார்க்கெட் ஸ்ட்ரீட்டைக் கடந்துபோக எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எல்லாக் கடைப் பலகையையும் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். ஐம்பது வருடம் துணி வாங்கிய கடைக்குப் பெயர் இருப்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

கீழே சாப்பாட்டுக்கடை காதர் பாய்க்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. இத்தனை வருடம் அவர் எனக்குப் பேப்பர் படித்தார். இப்போது நான் அவருக்குப் படிக்கிறேன். ஆட்கள் முன்னால் தடுமாறக் கூச்சமாக இருப்பதால் கடை திறப்பதற்கு முன்பே படித்து முடித்துவிடுவோம். "பக்கிரி, நீ ஒரு பக்கம் படிச்சு முடிக்கிறதுக்குள்ளே அது பழைய பேப்பர் ஆயிடும் லா" என்று வழக்கமான 'லா'வோடு கேலி செய்கிறார்.

நீ இருக்கும் நாட்டைப் பற்றிப் போன வாரம் படித்தேன். தேர்தல் நியாயமாக நடக்கவில்லை என்றும், பத்திரிகை அலுவலகங்களுக்குச் சீல் வைத்துவிட்டார்கள் என்றும் போட்டிருந்தது. 'உலக நாடுகள் கவலை' என்பது தலைப்பு. நாலு முறை படித்தேன். அவர்கள் கவலையைத் தெரிவித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு வேறு வேலை இல்லை.

இன்னொரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை தயாளன் என்று ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. உன்னோடு வேலை செய்பவராம். "குமுதா ஒரு சேலைப் பெட்டி அனுப்பியிருக்காங்களே ஐயா, அதை வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார். நான் பெட்டி எதுவும் வரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்ததும் அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார்.

அவர் உன் ஆளா? எழுது. துணி வியாபாரத்துக்கு அங்கே வந்துபோகும், உன் பெட்டியைக் கொண்டுவந்த மஹ்பூபாவிடமே இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அப்பா,
பக்கிரிசாமி
(இது என் கையெழுத்து. நன்றாக இருக்கிறதா?)


14 மார்ச்

இதை எழுதியவருக்கு,

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. இதை நானே பத்திரிகையில் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். உங்களை அனுப்பியவர்கள் அதைப் படிக்காமலே வேலையில் இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

எழுபத்தொரு வயது மனிதர் ஏழு மாதத்தில் எழுதக் கற்றுக்கொண்டு, முதல் கடிதத்திலேயே ஒரு பெட்டியைப் பற்றி விசாரிக்கிறார். நான் இதை நம்ப வேண்டும். மஹ்பூபா அக்கா சத்தியம் செய்கிறார். அவரையும் யாராவது மிரட்டியிருக்கலாம்.

நான் யாருக்கும் எந்தப் பெட்டியும் அனுப்பவில்லை. தயாளன் என்று யாரையும் எனக்குத் தெரியாது.

காதர் மாமாவின் கண் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் என் அப்பாவின் வீடும் உங்களுக்குத் தெரியும். அவர் வயதானவர். அவருக்கு எதுவும் தெரியாது. அவரை ஒன்றும் செய்யாதீர்கள். அவரிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை.

கு.


ஜார்ஜ் டவுன்
19 மார்ச் 2025

என் மகள் குமுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன். பிறகு சிரித்தேன். நான் எழுதியதைப் படித்து ஒரு பத்திரிகைக்காரி, இது எழுதத் தெரிந்தவன் எழுதியது என்று நினைத்துவிட்டாள்! ரமணி டீச்சரிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லமாட்டேன்.

எனக்கும் உன்மேல் சந்தேகம் வந்தது. உன் பழைய கடிதங்களை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து உன்னுடையதுதான். கோபமும் உன்னுடையதுதான்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. தயாளன் மறுபடியும் வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. உட்கார்ந்ததும் ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். தமிழில் அச்சடித்த காகிதம்.

"ஐயா, உங்க மக கடிதம் எழுதியிருக்காங்க. உங்களுக்குப் படிக்க வராதுன்னு சொன்னாங்க. நானே படிக்கிறேன், கேளுங்க" என்றார்.

அவர் படித்தார். 'அன்புள்ள அப்பா, நான் நலமாக இருக்கிறேன். பெட்டியைத் தயாளனிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாகக் கீழே கைநாட்டு வையுங்கள்.' குரலில் பாசம் வேறு சேர்த்துப் படித்தார்.

அவர் படித்து முடிப்பதற்குள் என் கண் இரண்டாவது வரியைத்தான் எட்டியிருந்தது. எனக்கு வேகம் போதாது. அதனால், "தம்பி, காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை படிங்க" என்றேன். படித்தார். நாலாவது வரி வரை போனேன். "மன்னிச்சுக்கோங்க தம்பி, மக பேச்சைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன். மூன்றாவது முறை அவர் குரலில் பாசம் குறைந்துவிட்டது. ஆனால் நான் கடைசி வரியை எட்டிவிட்டேன்.

அந்தக் காகிதத்தில் உண்மையில் இருந்தது இது. மறந்துபோகாமல் அவர் போனதும் எழுதி வைத்தேன். 'நான், பக்கிரிசாமி, என் சொந்த விருப்பத்தின் பேரில் கூறுவதாவது: என் மகள் குமுதா தேர்தல் வாக்கு எண்ணிக்கைத் தாள்களைப் போலியாகத் தயாரித்து என்னிடம் அனுப்பி வைத்தாள். அவை போலி என்று அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள்.'

குமுதா, நான் முகத்தை மாற்றவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் மேஸ்திரிகளைப் பார்த்தவன் நான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அடுப்படிக்குப் போய், வலது கட்டைவிரலில் மஞ்சள் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். "காலையிலே எண்ணெய் பட்டுடுச்சு தம்பி. இந்த விரலை வச்சு அழுத்த முடியாது" என்றேன். அவர் இடது கையைப் பார்த்தார். "இடது கையாலே நான் நல்லது எதையும் செய்யறதில்லே" என்றேன். காயம் ஆறியதும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆரஞ்சை நான் தொடவில்லை.

நான் நான்தான் என்று உனக்கு எப்படிக் காட்டுவது? பேச்சை யாரும் எழுதிவிடலாம். ஆனால் உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் தவணை தோறும் நான் என்ன வைத்தேன்? அந்தக் கைநாட்டில் இரும்புக் கயிறு அறுத்த தழும்பு குறுக்கே வெள்ளைக் கோடாக விழும். மற்ற பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று கார்டை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு போவாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனிமேல் கைநாட்டே வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்தேன். இன்று உனக்காக வைக்கிறேன். யாரும் வெட்டி எடுத்து வேறு காகிதத்தில் ஒட்டிவிடாதபடி அதன்மேலேயே எழுதிக்கொண்டு போகிறேன். இந்த வரி அதன் மேல்தான் போகிறது, பார்.

அப்பா


1 ஏப்ரல்

அப்பா,

கோடு இருக்கிறது. உங்கள் எழுத்துக்கு அடியில் குறுக்கே அப்படியே இருக்கிறது. நான் எழுதியதை மன்னித்துவிடுங்கள். இங்கே கதவைத் தட்டுகிறவர் யார் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் உங்களையும் கேட்டுவிட்டேன்.

இனி உண்மையைச் சொல்கிறேன். பெட்டியில் சேலைக்கு அடியில் முப்பத்தேழு தாள்கள் இருக்கின்றன. வாக்கு எண்ணி முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் எண்ணிக்கையை எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து போட்டார்கள். அரசாங்கம் பிறகு அறிவித்த எண்ணிக்கை வேறு. தாள்களைப் படம் எடுத்துப் போட்டோம். போலி என்று சொல்லி எங்கள் அலுவலகத்தை மூடினார்கள். அதனால் மூலத் தாள்கள்தான் வேண்டும். அவற்றை எடுத்துக் கொடுத்தது ஒரு பெண் குமாஸ்தா. அவர் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கின்றன. தாள்கள் தவறானவர் கையில் கிடைத்தால் அவருக்கு என்ன நடக்கும் என்று எனக்கு எழுத வரவில்லை.

வெளிநாட்டுத் தேர்தல் பார்வையாளர் குழு மாதக் கடைசியில் அறிக்கை வெளியிடுகிறது. அதற்கு முன் தாள்கள் அவர்களிடம் சேர வேண்டும். உங்களிடம் ஒரு பெண் வருவார். பெயரோ அடையாளச் சொல்லோ எழுதமாட்டேன், கடிதம் திறக்கப்படலாம். நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் கொடுக்காதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாதீர்கள். அந்தப் பெட்டியை உங்களிடம் அனுப்பியதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் தேடி வருகிறவர்களிடம் உங்களால் எதையும் சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டேன். உங்கள் குறையை என் வசதிக்குப் பயன்படுத்தினேன். இப்போது அதுவே நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

பெட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், நீங்கள், மஹ்பூபா அக்கா. பிறகு தயாளனுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் காதர் மாமாவிடம் சொன்னீர்களா?

உங்கள் இரண்டு கடிதங்களையும் எரிக்க வேண்டும். மனம் வரவில்லை. வேறொரு வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

குமுதா


ஜார்ஜ் டவுன்
9 ஏப்ரல் 2025

அன்பு மகள் குமுதாவுக்கு,

கோபப்பட்டேன். அரை நாள். பிறகு யோசித்தேன். பெட்டியைத் திறந்தும் பார்த்தேன். எழுத்தெல்லாம் அந்த ஊர் எழுத்து. எண்கள் மட்டும் புரிந்தன. எட்டு மாதம் படித்தும் உன் பெட்டிக்கு நான் படிக்காதவன்தான். நீ போட்ட கணக்கு தப்பவில்லை.

நீ கேட்டதிலிருந்து எனக்குக் காதர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாள் கீழே இறங்கவே இல்லை. நாலாம் நாள் அவரே சுவரைத் தடவித் தடவி மாடி ஏறி வந்தார்.

"என்னா பக்கிரி, எனக்குப் பேப்பர் படிக்கப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டியா?"

"பாய், நேராவே கேக்கறேன். என் மக பெட்டி அனுப்பினதை யார்கிட்டே சொன்னே?"

அவர் தடவிப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "நான் ஏன்டா சொல்லணும்? நீதானே சொன்னே. கடை நிறைய ஆளு. நடுவிலே நின்னுக்கிட்டு, 'என் பொண்டாட்டி செத்து ஆறு வருஷமாச்சு, என் மக சேலை அனுப்பியிருக்கா, நானா கட்டிக்கிறது'ன்னு கத்தினே. உன் மக இருக்கற ஊரு ஆளுங்க நாலு பேரு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தாங்க. அவங்களும் சிரிச்சாங்க. இப்ப என்னைக் கேக்கறியா லா?" என்றார்.

உண்மைதான், குமுதா. பெட்டி வந்த அன்று சிரிப்புக்காகச் சொன்னேன். மஹ்பூபாவும் இல்லை, காதரும் இல்லை. நான்தான். அவர் காலைத் தொடப் போனேன். "தொடாதே, ஏற்கனவே தடுமாறுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் பேப்பர் படித்தேன். கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு வலித்தது.

தயாளன் இன்னும் வரவில்லை, விரல் துணியை நானும் அவிழ்க்கவில்லை. நீ சொன்ன அந்தப் பெண் நேற்று வந்தார். "குமுதா அனுப்பினாங்க" என்றார். தயாளனும் அதைத்தான் சொன்னார். அலமாரியைப் பார்க்கவில்லை. அது மட்டும் போதுமா? பழகின திருடன் அலமாரியைப் பார்க்கமாட்டான்.

நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். நீ எழுதியதுபோல ஒரு கடிதம் நானே எழுதியிருந்தேன். இரண்டு நாள் வேலை. 'அப்பா, பெட்டியை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு பெண் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்பாள். அவளை நம்பாதீர்கள்.' அதை அவர் கையில் கொடுத்து, "அம்மா, என் மக கடிதம் வந்திருக்கு. எனக்குப் படிக்க வராது. என்னா எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க. அவ சொல்றபடி செய்யறேன்" என்றேன்.

அவர் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. தயாளனாக இருந்தால் என்ன படித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இவர் மறுபடி ஒருமுறை மனத்துக்குள் படித்துவிட்டு, "ஐயா, என்னை நம்ப வேணாம்னு எழுதியிருக்காங்க. என்கிட்டே குடுக்கக் கூடாதாம். ஏன்னு தெரியலே. ஆனா இதிலே அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கண்ணில் தண்ணீர். "அப்ப குமுதாவுக்கு என் மேலேயும் நம்பிக்கை போயிடுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கிவிட்டார்.

நான் பாதிப் படியில் போய் நிறுத்தினேன். பெட்டியைக் கொடுத்தேன். கடிதம் என் வேலை என்று சொன்னதும், எழுபத்தொரு வயது ஆளை ஒரு பார்வை பார்த்தார் பார், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சேலையை மட்டும் எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டு, பெட்டியோடு போனார்.

நான் செய்தது சரிதானா, குமுதா? உடனே எழுது.

அப்பா

(21 ஏப்ரல். மஹ்பூபா இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடமே திருப்பிக் கொண்டு வந்துவிட்டார். நீ இருந்த வீடு பூட்டிக் கிடந்ததாம். வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டது இன்னும் உனக்குத் தெரியாது.)


24 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

நான் விசாரணைக் காவலில் நலமாக இருக்கிறேன். நேரத்துக்கு உணவு தருகிறார்கள். என்னை யாரும் துன்புறுத்தவில்லை.

இந்நாட்டில் தேர்தல் நேர்மையாகவும் அமைதியாகவும் நடந்தது. அதைப் பற்றி நான் எழுதிய செய்திகள் தவறானவை. தங்களிடம் நான் அனுப்பிய தாள்கள் போலியானவை. இதை என் சொந்த விருப்பத்தின் பேரில் தெரிவித்துக்கொள்கிறேன்.

திரு. தயாளன் தங்களை வந்து பார்ப்பார். பெட்டியை அப்படியே அவரிடம் ஒப்படைத்துவிடவும். அவ்வாறு செய்தால் என் வழக்கு எளிதாகும் என்று கூறப்படுகிறது.

இக்கடிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும்.

தங்கள் மகள்,
குமுதா பக்கிரிசாமி


ஜார்ஜ் டவுன்
5 மே 2025

அன்பு மகள் குமுதாவுக்கு,

உன் அப்பா பக்கிரிசாமி சொல்லச் சொல்ல, மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கடிதம் எழுதித் தருகிற ஒருவர் இதை எழுதுகிறார். மெதுவாக எழுதுகிறவர், பென்சிலை மூன்று முறை சீவிவிட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இந்த வயதில் இனிமேல் எங்கே கற்றுக்கொள்வது?

உன் கடிதத்தைக் காதர் பாய் படித்துச் சொன்னார். உனக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

தயாளன் ஐயா வந்தார். நல்ல மனிதர். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். நீ சேலை அனுப்பினாய். சேலைக்கு அடியில் பழைய காகிதம் கொஞ்சம் கிடந்தது. அது முக்கியமான காகிதம் என்று எனக்கு எப்படித் தெரியும்? காதர் கடையில் வடை மடிக்கக் காகிதம் இல்லை என்றார். கொடுத்துவிட்டேன். இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. தயாளன் ஐயா என் வீடு முழுவதையும் பார்த்தார். அரிசி டின்னில் கூடக் கையை விட்டுப் பார்த்தார். கடைக் குப்பையையும் கிளறினார். அவர் மனம் வருந்தியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. படிக்காதவனிடம் எதையாவது கொடுத்து வைத்தால் இப்படித்தான் ஆகும். இது உன் தப்பு.

ஊர் விஷயம் ஒன்றும் பெரிதாக இல்லை. நேற்றுக் காலை காதர் பாய் பேப்பரில் எதையோ படித்துச் சொன்னார். அவருக்குக் கண் சரியில்லை, அதனால் தப்பாகவும் இருக்கலாம். நீ இருக்கும் நாட்டைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார்களாம். முப்பத்தேழு சாவடிகளின் எண்ணிக்கையை அவர்களே எங்கிருந்தோ சேகரித்துப் போட்டிருக்கிறார்களாம். எண்கள் மட்டும்தானாம். கையெழுத்து போட்டவர்கள் யாருடைய பெயரும் ஓர் இடத்தில்கூட இல்லையாம். "பேரே இல்லாத காகிதத்தை யார் மதிப்பாங்க?" என்று நான் கேட்டேன். அதையெல்லாம் என்னைப் போன்றவர்கள் புரிந்துகொள்ள முடியாது என்று காதர் பாய் சொன்னார்.

பெயர்கள் ஒரே ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றனவாம். காவலில் இருக்கும் நிருபர்களின் பட்டியலாம் அது. உன் பெயர் மூன்றாவதாக இருக்கிறதாம். எல்லா நாட்டுத் தூதர்களின் மேசையிலும் அந்தப் பட்டியல் இருக்கிறதாம். அவர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவர் எப்படி இருக்கிறார் என்று அங்குள்ள அரசாங்கத்தைக் கேட்பார்களாம். உன்னைப் பார்த்துக்கொள்கிற அதிகாரிகளுக்கு இதனால் வேலை அதிகமாகிவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்.

தேர்தல் நேர்மையாக நடந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் என் நிலைமையையும் நீ யோசித்துப் பார், குமுதா. காகிதத்தில் இருக்கிறதை ஒருவர் ஒருவிதமாகப் படிக்கிறார், இன்னொருவர் வேறுவிதமாகப் படிக்கிறார். படிக்காத கிழவன் நான் யாரை நம்புவது? அதனால் உன் கடிதத்தை மடித்து அப்படியே வைத்திருக்கிறேன். நீ வீட்டுக்கு வா. என் எதிரே உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, இதே விஷயத்தை உன் வாயால் சொல். அப்போது நம்புவதா வேண்டாமா என்று பார்க்கிறேன். அதுவரைக்கும் நீ எழுதியதாக எது வந்தாலும் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பாவுக்காக எழுதியவர்